கட்டுச்சோறும் கடக்கும் தூரமும்

பள்ளிக் கணக்குப் புத்தகங்களில் தூரக் கணக்கு என்று ஒரு வகை உண்டு. ஒரு வண்டியின் தொட்டியில் 55 கேலன் பெட்ரோல் கொள்ளும். ஒரு கேலனுக்கு அவ்வண்டி 8 மைல் ஓடும். எனில், அது கடக்கக்கூடிய தூரம் யாது? பெருக்கினால் 440 மைல் என்று விடை வரும். ஆசிரியனாக இருந்த காலத்தில் இத்தகைய கணக்குகளைப் பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். சரியாகப் பெருக்கிய மாணவனுக்கு முழு மதிப்பெண்ணும் அளித்திருக்கிறேன். கணக்கு வகுப்பில் அந்த விடை போதும். சரித்திர வகுப்பில் அது போதாது. ஒரு வண்டி எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்விக்குச் சரித்திரம் தரும் விடை வேறு விதமானது, சற்றே நீண்டது. அதனையே இன்று மாணவ நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் வண்டி, அமெரிக்க நாட்டில் பெருவழக்காக உள்ள மோட்டார் வீடு என்பதாகும். பேருந்து அளவிலோ அதனிலும் சிறிதாகவோ அமைந்த வண்டி அது. அதனுள் படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு, குளிக்கும் அறையும் உண்டு. குடும்பம் ஒன்று அதில் ஏறிப் பல வாரங்கள் நாடு சுற்றலாம். விடுதி தேட வேண்டியதில்லை. உணவுக் கடை தேட வேண்டியதில்லை. எவர் தயவையும் நாடாமல் விரும்பிய இடத்துக்குச் செல்லலாம் என்பதே அவ்வண்டியின் கவர்ச்சி. அந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் மெய் என்பதை அளந்து பார்க்க ஒரே அளவுகோல்தான் உண்டு. அது வண்டியின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பெட்ரோல் தொட்டி. "கட்டிக் கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அந்தத் தொட்டியே மோட்டார் வீட்டின் கட்டுச்சோறு.

கதையின் தொடக்கத்தில் தொட்டியே இல்லை. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டில் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதனை நம்பி வாங்குவார் அரிதாக இருந்தனர். 1888 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாமலே, தம் புதல்வர் இருவரை ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து தம் பிறந்த ஊரான போர்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தூரம் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவ்வண்டியில் எரிபொருளுக்கெனத் தனித் தொட்டி கிடையாது. எரிபொருளை ஆவியாக்கும் கார்புரேட்டர் என்ற பகுதியில் நாலரை லிட்டர் மட்டுமே கொள்ளும். அது தீர்ந்தால் வண்டி நின்றுவிடும்.

வழியில் வீஸ்லோக் என்ற சிற்றூர் வந்தது. அங்கே மருந்துக் கடை ஒன்று இருந்தது. துணிகளில் படியும் கறைகளைப் போக்குவதற்கு லிக்ரோயின் என்ற திரவத்தை அக்காலத்து மருந்துக் கடைகளில் விற்பார்கள். அதுவே பென்ஸ் வண்டிக்கு உணவு. பெர்த்தா அம்மையார் அதனை அங்கே வாங்கி நிரப்பிக்கொண்டு மேலே சென்றார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த மருந்துக் கடையை இன்றும் போற்றுகின்றனர். அன்றி, எரிபொருள் குழாயில் அடைப்பு ஏற்பட்டபோது தம் தொப்பி ஊசியால் அதனை நீக்கினார். தடைக்கட்டைகள் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு தோல் அறையச் செய்தார். சங்கிலி பழுதானபோது கொல்லர் ஒருவர் உதவினார். அம்மையாரின் துணிவு பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும், வண்டி போர்ஸ்ஹைமை அடைந்ததற்கு நாலரை லிட்டர் மட்டும் காரணமன்று. மருந்துக் கடைக்காரர், கொல்லர், செருப்புத் தைப்பவர் ஆகிய மூவரும் சாலையோரத்தில் இருந்ததும் காரணமாகும். இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குச் செல்வோம்.

1903-ஆம் ஆண்டில் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற மருத்துவர், மோட்டார் வண்டியிலேயே அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குச் சென்று காட்டுவதாக 50 டாலர் பந்தயம் கட்டினார். சூவல் கிராக்கர் என்ற இயந்திர வல்லுநரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மே மாதம் 23-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வின்டன் வண்டியில் புறப்பட்டார். 63 நாட்களுக்குப் பின் ஜூலை 26-ஆம் நாள் நியூயார்க்கை அடைந்தார். அந்நாளில் மேற்கு மாநிலங்களில் பெட்ரோல் பங்க் என்பதே இல்லை. சிற்றூர்களின் பலசரக்குக் கடைகளில் பெட்ரோல் சிறிதளவு வைத்திருப்பார்கள். அதுவும் எல்லா ஊரிலும் கிடைக்காது. ஓரிகன் மாநிலத்தில் வெட்டவெளியில் பெட்ரோல் தீர்ந்துபோயிற்று. கிராக்கர் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, பர்ன்ஸ் என்ற ஊர்வரை மிதித்துச் சென்று பெட்ரோல் கொண்டுவர நேர்ந்தது. வண்டியின் வேகம் சைக்கிளைக் காட்டிலும் அதிகமாக இருக்கலாம்; ஆனால் அன்று அவ்வண்டி செல்லக்கூடிய தூரத்தை நிர்ணயித்தது சைக்கிளே.

இந்நிலை மெல்ல மாறியது. இண்டியானா மாநிலத்தில் போர்ட்வேய்ன் என்ற ஊரில் பவுசர் என்பவர் 1885-இலேயே மண்ணெண்ணெயை அளந்து ஊற்றும் கைப்பம்பு ஒன்றைச் செய்திருந்தார். அந்த வகைப் பம்பே பின்னர்ப் பெட்ரோலுக்கும் பயன்பட்டது. 1905-இல் செயின்ட் லூயிஸ் நகரில் பெட்ரோல் நிரப்புவதற்கென ஒரு நிலையம் தோன்றியது. 1913 டிசம்பர் முதல் நாள் பிட்ஸ்பர்க் நகரில் கல்ப் கம்பெனியார், வண்டியை உள்ளே ஓட்டி வந்து நிரப்பிக்கொண்டு போகும்படி நிலையம் ஒன்றைக் கட்டித் திறந்தனர். மருந்துக் கடையிலும் பலசரக்குக் கடையிலும் இருந்த சரக்கு, தனக்கென ஒரு வீடு பெற்றுவிட்டது.

வண்டியோடு வீட்டையும் கொண்டுசெல்லும் ஆசை இதே காலத்தில் பிறந்தது. 1910-இல் நியூயார்க்கு நகரத்து மாடிசன் சதுக்கக் கண்காட்சி மண்டபத்தில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியார், படுக்கையாக விரியும் இருக்கையும் கைகழுவும் தொட்டியும் அமைந்த உல்லாச வண்டி ஒன்றைக் காட்சிக்கு வைத்தனர். 1915-இல் ரோலண்டு காங்க்ளின் என்ற தொழிலதிபர், 25 அடி நீளமும் 8 டன் எடையும் கொண்ட பெரிய வண்டி ஒன்றைக் கட்டுவித்து, நியூயார்க்குக்கு அருகிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் குடும்பத்துடன் பிரயாணம் செய்தார். சமையலறை, மின்விளக்கு, உறங்கும் தட்டுகள், புத்தக அலமாரி, கூரைமேல் சிறு தோட்டம் ஆகிய இத்தனையும் அதில் இருந்தன. செல்வர்களின் வேடிக்கையாக அது தொடங்கியது.

எளிய மக்களுக்கு அந்த ஆசையைக் கொண்டுவந்து சேர்த்தது போர்டு கம்பெனியின் டி மாடல் வண்டி. 1908 முதல் 1927 வரை அது உற்பத்தியாயிற்று. அதன் பெட்ரோல் தொட்டி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் இருந்தது. 10 அமெரிக்கக் கேலன் கொள்ளும். ஓர் அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டராகும். நம் நாட்டில் முன்னர் வழங்கிய பிரிட்டிஷ் கேலனோ 4.546 லிட்டர். ஆகவே 10 அமெரிக்கக் கேலன் என்பது ஏறத்தாழ 38 லிட்டர். மீதம் எவ்வளவு என்று காட்டும் கருவி அதில் இல்லை. இருக்கையைத் தூக்கி, மூடியைத் திறந்து, மரக்குச்சியை உள்ளே விட்டு நனைந்த அளவைப் பார்க்கவேண்டும். நெல் குதிரில் கோலை விட்டுப் பார்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தொட்டியிலிருந்து இயந்திரத்துக்குப் பெட்ரோலைத் தள்ளிவிடப் பம்பு ஏதும் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதுபோலத் தன் எடையாலேயே அது இறங்கி வரவேண்டும். செங்குத்தான மலைச்சாலையில் ஏறும்போது வண்டியின் முன்பக்கம் உயர்ந்துவிடும், தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால், இயந்திரம் தொட்டியைவிட மேலாகிவிடும், பெட்ரோல் வராது, வண்டி நின்றுவிடும். இதற்கு ஓட்டுநர்கள் கண்ட உபாயம் வேடிக்கையானது. வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே மலைமேல் ஓட்டிச் சென்றார்கள்! தொட்டியில் பெட்ரோல் இருப்பது வேறு, அது பயன்படும் நிலையில் இருப்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமா?

இத்தகைய வண்டிகளில் கூடாரத்தையும் பாத்திரங்களையும் கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊர்சுற்றப் புறப்பட்டன. 1919-இல் புளோரிடா மாநிலத்துத் தாம்பா நகரில் இவர்கள் கூடித் தகர டப்பா யாத்திரிகர் சங்கம் என்று ஒன்று அமைத்தனர். வண்டியின் முகப்பில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது அவர்களுடைய அடையாளம். அவர்கள் தொட்டி பெரிதாகிவிடவில்லை. சாலையோரத்தில் பம்புகள் பெருகியிருந்தன. கட்டுச்சோறு அதே அளவுதான். சத்திரங்கள் நெருங்கி வந்துவிட்டன.

அடுத்துப் போர்க்காலம் வந்தது. 1942-ஆம் ஆண்டின் நடுவில் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களிலும், அவ்வாண்டு டிசம்பர் முதல் நாடு முழுமையிலும் பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. சாதாரண வண்டிக்காரருக்கு ஏ என்ற எழுத்துப் பொறித்த சீட்டு. அதற்கு வாரம் ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு கேலன் மட்டுமே. வேகமும் மணிக்கு 35 மைலுக்கு மேல் கூடாது. உலகில் வேறெங்கும் இல்லாத அளவு எண்ணெய்க் கிணறுகளை உடைய நாடு ஏன் இப்படிச் செய்தது?

பெட்ரோலைவிட டயரைக் காப்பாற்றுவதே முதன்மையான நோக்கம். அந்நாளில் அமெரிக்காவுக்கு வேண்டிய ரப்பரில் மிகப் பெரும்பகுதி மலேயாவிலிருந்தும் டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்தது. 1942-இன் தொடக்க மாதங்களில் அந்நாடுகள் ஜப்பானியர் கைக்குப் போயின. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் மரங்களைச் சீவிப் பால் எடுத்தவர்களில் பெருந்தொகையினர் நம் தமிழ் மக்கள். அவர்கள் உழைப்பில் விளைந்த ரப்பர் வருவது நின்றவுடன், பத்தாயிரம் மைலுக்கு அப்பால் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சவாரி நின்றுபோயிற்று. வண்டி கடக்கும் தூரத்தைத் தொட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை என்று நான் சொன்னதன் பொருள் இப்போது இன்னும் விரிவாக விளங்கும்.

அதே 1942-இல் அமெரிக்க இராணுவம் கனடாவின் டாசன்கிரீக் என்ற ஊரிலிருந்து அலாஸ்காவுக்கு ஏறத்தாழ 1,700 மைல் நீளமுள்ள சாலையை எட்டு மாத காலத்தில் காடும் சதுப்பும் கடந்து அமைத்தது. 1948-இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மறு ஆண்டே, 1949-இல், தி மைல்போஸ்ட் என்ற வழிகாட்டிப் புத்தகம் வெளிவந்தது. எந்த மைல்கல் அருகே பெட்ரோல் கிடைக்கும், எங்கே உணவு கிடைக்கும், எங்கே தங்கலாம் என்று மைல் மைலாகக் குறித்துச் சொல்லும் நூல் அது. பல பதிப்புகள் கண்டு இன்றும் வெளிவருகிறது. நீண்ட வெறுஞ்சாலையில் அத்தகைய நூலும் எரிபொருள் தொட்டியின் ஒரு பகுதியே என்பேன். அடுத்த பம்பு எங்கே என்று அறிந்தவனுடைய பத்துக் கேலன், அறியாதவனுடைய இருபது கேலனுக்குச் சமம்.

ஐரோப்பாவிலும் வீட்டு வண்டி பரவியது. ஜெர்மனியில் 1951-இல் வெஸ்ட்பாலியா கம்பெனியார், வோக்ஸ்வாகன் சிறு வண்டிக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தத் தொடங்கினர். அதன் தொட்டி 40 லிட்டர். முதல் பத்து ஆண்டுகளில் அதற்கும் அளவு காட்டும் முள் கிடையாது; ஒரு திருகுதான் உண்டு. இயந்திரம் இருமத் தொடங்கியவுடன் அத்திருகைத் திருப்பினால் அடியில் ஒதுக்கியிருந்த சில லிட்டர் கிடைக்கும். நம் ஊர்ப் பழைய ஸ்கூட்டர்களில் "ரிசர்வ்" என்று சொல்வது இதுவே. உங்கள் தந்தையாரைக் கேட்டால், ரிசர்வில் வண்டியைத் தள்ளாடி ஓட்டி வந்த கதை ஒன்றேனும் சொல்லுவார்.

அமெரிக்காவிலோ எல்லாம் பெரிதாகிக்கொண்டே வந்தது. 1956-இல் இயற்றிய சட்டத்தால் 41,000 மைல் நீள நெடுஞ்சாலைத் திட்டம் தொடங்கியது. 1966-இல் அயோவா மாநிலத்தின் பாரஸ்ட் சிட்டி என்ற சிற்றூரில் வின்னபேகோ கம்பெனியார் மோட்டார் வீடுகளைத் தொழிற்சாலை முறையில் வரிசையாகச் செய்யத் தலைப்பட்டனர். விலை இறங்கியது, நடுத்தர மக்களும் வாங்கினர். 1973-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரே ஜி.எம்.சி. மோட்டார் வீடு என்ற அழகிய வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதில் இரு தொட்டிகள். இரண்டும் சேர்ந்து 50 கேலன், அதாவது சுமார் 190 லிட்டர். கேலனுக்கு 8 முதல் 10 மைல். ஒருமுறை நிரப்பினால் 400 மைல் போகலாம். மலிவான பெட்ரோல், அகன்ற சாலை, இரண்டு தொட்டிகள்: இனி எவர் தயவு வேண்டும் என்று தோன்றிய காலம் அது.

அவ்வண்டி விற்பனைக்கு வந்த அதே ஆண்டு, அக்டோபர் 17-ஆம் நாள், அராபிய எண்ணெய் நாடுகள் மேற்கு ஆசியப் போரை முன்னிட்டு எண்ணெய் உற்பத்தியைக் குறைப்பதாக அறிவித்தன. தொடர்ந்து அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் ஒன்றுக்கு 3 டாலர் அளவில் இருந்த விலை, 1974-இன் தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. பம்புகளின் முன் வண்டிகள் தெருக்கணக்கில் வரிசையாக நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்ரோல் விற்கவேண்டாம் என்று குடியரசுத் தலைவர் நிக்சன் கேட்டுக்கொண்டார். சில மாநிலங்களில் வண்டி எண் ஒற்றைப்படையாயின் ஒரு நாள், இரட்டைப்படையாயின் மறுநாள் என்று முறை வைத்தனர். பல நிலையங்களில் ஒருவருக்குப் பத்துக் கேலனுக்கு மேல் தருவதில்லை. ஐம்பது கேலன் தொட்டியுடைய வண்டிக்குப் பத்துக் கேலன்! குதிர் பெரிதாக இருந்து பயன் என்ன, களத்தில் நெல் இல்லாதபோது? மோட்டார் வீடுகளின் விற்பனை சரிந்தது. அவற்றைச் செய்த தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு நேர்ந்தது. நாட்டைச் சுற்றிப் பார்க்க வீட்டை விட்டுப் புறப்பட்டவர்களின் துன்பம் சிறிது; வேலை இழந்து வீட்டில் இருந்தவர்களின் துன்பம் பெரிது.

1974 ஜனவரியில் நாடு முழுமைக்கும் வேக வரம்பு மணிக்கு 55 மைல் என்று சட்டமாயிற்று. விஞ்ஞான மாணவர்கள் இதன் காரணத்தைக் கவனிக்கவேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். வேகம் 55-இலிருந்து 65 ஆனால், எதிர்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடிவிடும். மோட்டார் வீடோ, காற்றைச் சுவர்போல எதிர்த்துச் செல்லும் பெரிய பெட்டி. ஆகவே அதனை ஓட்டுபவர் மெதுவாகச் சென்றால், தொட்டியைப் பெரிதாக்காமலே தூரத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

இன்றைய வண்டிகளையும் இவ்வாறே ஒப்பிட்டுப் பார்க்கலாம். போர்டு கம்பெனியின் அடிச்சட்டத்தின்மேல் கட்டிய நடுத்தர மோட்டார் வீடுகள் பலவற்றில் தொட்டி 55 கேலன். ஓடுவது கேலனுக்கு 8 முதல் 10 மைல். மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்பிரிண்டர் வண்டியில் கட்டிய சிறிய டீசல் மோட்டார் வீட்டில் தொட்டி 24.5 கேலன், ஓடுவது 15 மைல் அளவில். முதலாவது 440 மைல் போகும் என்றால், தொட்டி பாதிகூட இல்லாத இரண்டாவது 367 மைல் போகிறது. பெரிய டீசல் வண்டிகளில் 100 கேலன் தொட்டியும் உண்டு. 150 கேலன் தொட்டியும் உண்டு. ஆனால் எரிபொருளுக்கும் எடை உண்டு. 55 கேலன் பெட்ரோல் ஏறத்தாழ 150 கிலோகிராம். இரு மனிதர்களின் எடை. தொட்டியைப் பெருக்கப் பெருக்க, எரிபொருளைச் சுமப்பதற்கே ஒரு பங்கு எரிபொருள் செலவாகும்.

மோட்டார் வீட்டுக்கு மட்டுமே உரிய நுட்பம் ஒன்றும் உண்டு. வீட்டுக்கு விளக்கு வேண்டும், குளிர்சாதனம் வேண்டும். அவற்றுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர், பெரும்பாலான வண்டிகளில் வண்டியின் தொட்டியிலிருந்தே எரிபொருளை உறிஞ்சுகிறது. மணிக்கு அரைக் கேலன் என்று கொண்டால், ஓர் இரவு எட்டு மணி நேரத்தில் நான்கு கேலன் தீர்ந்துவிடும். அதாவது உறங்கும்போதே 32 மைல் செலவாகிவிடுகிறது. அயர்ந்து உறங்கி எழும்போது தொட்டி வறண்டிருந்தால் என் செய்வது? இதற்காக வண்டி செய்பவர்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றனர். ஜெனரேட்டருக்குச் செல்லும் குழாயின் வாயைத் தொட்டியின் அடிவரை விடாமல், கால் பங்கு உயரத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். தொட்டி கால் பங்குக்கு இறங்கியதும் ஜெனரேட்டர் தானே நின்றுவிடும். வீட்டின் சுகத்துக்கு முக்கால் பங்குவரை உரிமை உண்டு. கடைசிக் கால் பங்கு, அடுத்த ஊர் சேர்வதற்கென்று வைத்தது. அதனை எவரும் தொடக்கூடாது. குடும்பக் கணக்கு எழுதும் இல்லத்தரசி ஒருத்தி வகுத்த விதிபோல் இது இருக்கிறதன்றோ!

இவையனைத்தையும் ஓர் இடத்தில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம். அலாஸ்காவின் வடகோடிக்கு டால்டன் நெடுஞ்சாலை என்று ஒரு சாலை செல்கிறது. அதில் கோல்ட்புட் என்ற இடத்தைத் தாண்டினால், டெட்ஹார்ஸ் என்ற இடம்வரை 240 மைலுக்குப் பெட்ரோல் இல்லை, கடை இல்லை. கணக்குப் புத்தகத்தின்படி 440 மைல் போகவேண்டிய வண்டி, கற்சாலையிலும் மலையேற்றத்திலும் கேலனுக்கு ஆறு மைலே ஓடினால் 330 மைலாகக் குறையும். ஜெனரேட்டர் ஓர் இரவு நான்கு கேலன் குடித்தால் 306 மைல். தொட்டி முழுதாக இல்லாமல் முக்கால் அளவில் புறப்பட்டிருந்தால், 240 மைலை எட்டாமலே வண்டி வழியில் நின்றுவிடும். பனிப்பாலைவனத்தில் நின்றுபோன மோட்டார் வீட்டில், அடுப்பும் படுக்கையும் இருந்தும் அங்கே தங்கியிருப்பது ஆபத்தாகும்.

அச்சாலையில் இன்னொரு விந்தை உண்டு. அதனை ஒட்டியே 48 அங்குல விட்டமுள்ள பெரிய குழாய் ஓடுகிறது. வடகடலோரத்துப் புரூடோ விரிகுடாவிலிருந்து 800 மைல் தெற்கேயுள்ள வால்டீஸ் துறைமுகத்துக்குக் கச்சா எண்ணெயைக் கொண்டுசெல்லும் குழாய் அது. வழக்குகளிலும் வாதங்களிலும் தடைப்பட்டிருந்த அத்திட்டத்துக்கு, எண்ணெய்த் தட்டுப்பாடு நாட்டை அச்சுறுத்திய 1973 நவம்பரில் அமெரிக்கப் பேரவை அனுமதி அளித்தது. 1974-இல் அக்குழாய் வேலைக்காகவே அந்தச் சாலையை அமைத்தனர். 1977-இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. 1994-இல்தான் சாலை முழுவதையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். ஆக, கைக்கெட்டும் தூரத்தில் எண்ணெய் ஆறு ஓட, தொட்டி வறண்ட வண்டி அதன் கரையில் நிற்கலாம். கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்துத் தரும் ஆலையும், அங்கிருந்து கொண்டுவந்து சேர்க்கும் லாரியும், அளந்து ஊற்றும் ஆளும் இடையில் வேண்டும். அவர்கள் இல்லாவிடில் அந்த ஆறு அவ்வண்டிக்குக் கானல் நீரே.

மாணவர்களே, கார்ல் பென்ஸின் நாலரை லிட்டரிலிருந்து இன்றைய 150 கேலன்வரை தொட்டி வளர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். ஒரு வண்டி கடக்கும் தூரம், தொட்டியின் கொள்ளளவும் இயந்திரத்தின் சிக்கனமும் சேர்ந்து வரும் பெருக்குத் தொகை என்பது உண்மையே. ஆயினும் அத்தொகை பயன்படுவதும் பயன்படாமற் போவதும் சாலையோரத்து மனிதர்களைப் பொறுத்தது. வீஸ்லோக் மருந்துக் கடைக்காரர், பர்ன்ஸ் ஊர்க் கடைக்காரர், மலேயாவில் மரம் சீவிய தமிழர், அலாஸ்காவில் லாரி ஓட்டுபவர் ஆகியோர் எவரையும் பிரயாணி நேரில் அறியார். அவர்களில் ஒருவர் கை ஓய்ந்தாலும் பிரயாணியின் தூரம் குறைந்துவிடுகிறது.

இது பழங்கதையாகவும் முடிந்துவிடவில்லை. இப்போது மின்கலத்தால் ஓடும் வண்டிகள் நம் சாலைகளுக்கும் வந்துவிட்டன. அவற்றை வாங்குவோர் கேட்கும் முதற் கேள்வி, ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதே. இரண்டாவது கேள்வி, வழியில் எங்கே மின்னேற்றலாம் என்பது. முதற் கேள்விக்கு விடை காணும் பணி வண்டி செய்யும் பொறியியலாருடையது. இரண்டாவது கேள்விக்கு விடை காணும் பணி ஊருக்கும் அரசுக்கும் உரியது. 1888-இல் ஒரு தாய் தன் மக்களுடன் மருந்துக் கடை வாயிலில் வண்டியை நிறுத்தியபோது எழுந்த அதே கேள்வி அது. உங்களில் பொறியியல் பயிலப் போகிறவர்கள் பெரிய மின்கலம் செய்ய முயலுங்கள். அது நல்ல முயற்சி. அதனோடு, ஊருக்கு ஒதுங்கிய சாலையில் நள்ளிரவில் வந்து நிற்பவருக்கு அடுத்த நிலையம் எத்தனை தூரத்தில் இருக்கவேண்டும் என்ற கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.